நம்பி அமுக்கிய பொத்தான்

என் கணவருக்கு வலது காது போன காலையில் நான் அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மிக்ஸி போடும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து உட்காரும். அவர் மட்டும் இடது பக்கமாகச் சரிந்து, தலையணையில் ஒரு காதை அழுத்திக்கொண்டு, சுகமாகத் தூங்கினார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகு, கரண்டியோடு போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன பிள்ளே, விளிச்சுப்பிட்டு வரப்படாதா?"

"விளிச்சேன். ஊரே கேட்டுது."

வலது காதில் விரலை விட்டு ஆட்டினார். "தண்ணி நிக்குதது போல இருக்கு. உள்ளே ஒரே இரைச்சல்" என்றார். எழுந்து நின்றவர் உடனே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் பனச்சமூட்டில் கார் ஒர்க்ஷாப். மாநில எல்லைச் சோதனைச்சாவடியின் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரும். தமிழ்நாட்டு வண்டிக்காரர்களிடம் தமிழும் கேரள வண்டிக்காரர்களிடம் மலையாளமும் பேசுவார், திட்டும்போது இரண்டையும் கலந்துகொள்வார். என்ஜினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் உடம்பில் வைத்து, பிடியை வலது காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வார். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டினால் எல்லாம் திரையில் வந்துவிடும், அவரிடமும் அது உண்டு. ஆனால் வருகிறவர்கள் அவர் காதை நம்பித்தான் வந்தார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் பாதிக்கு மேல் அந்தக் காதினால்தான். என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடும்.

அழுக்கு அடைத்திருக்கும் என்றார். எண்ணெயில் வெள்ளைப்பூண்டைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினார். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். ஒலியைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள். என் புருஷன் காதில் பூண்டை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எரிச்சல் வருமா வராதா? தினமும் சண்டை போட்டேன். "இன்னைக்கு கொஞ்சம் பரவால்ல" என்று தினமும் சொன்னார். கடைசியில் ஒர்க்ஷாப் முற்றத்தில் பின்னால் வந்த ஒரு ஜீப் அவரை உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஹாரன் அடித்தது கேட்டிருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. அந்த நடுக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அதற்குள் ஒரு வாரம் போயிருந்தது.

திருவனந்தபுரம் போகும் வழியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி அது. பெயர் இங்கே வேண்டாம். காது டாக்டர் டியூனிங் ஃபோர்க் எனும் இசைக்கவையைத் தட்டி, அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்கிறது?" என்று மலையாளத்தில் கேட்டார். இடது என்றார் இவர். டாக்டரின் முகம் மாறியது. நான் கேட்டதால் விளக்கிச் சொன்னார். அழுக்கோ நீரோ அடைத்திருந்தால் நெற்றியில் வைத்த சத்தம் அடைத்த காதுப் பக்கம்தான் கேட்கும். நல்ல காதுப் பக்கம் போனால் கேடு உட்காதில் என்று பொருள். திடீரென்று இப்படிச் சிலருக்கு உட்காது செயலிழப்பது உண்டு, காரணம் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. மருந்து கொடுத்தால் சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. கொடுப்பதை முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும், பிறகு கொடுத்துப் பயனில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் இதே நோய்க்கு ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழக்கமான மாத்திரை உண்டு. அதோடு செவிப்பறை வழியாகக் காதுக்குள் ஊசியும் போடுவார்கள். சிலருக்கு அதில் மருந்து இருக்கும், சிலருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. இடையில் ஒரு பரிசோதனை வைப்பார்கள். அதில் முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு, இது மருந்துதான் என்று சொல்லியே மருந்து ஊசி போட்டுவிடுவார்கள். யாரையும் கைவிடமாட்டோம் என்றார் டாக்டர். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஆசையும் பயமும் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை மறைப்பு? இவரும் தலையாட்டினார்.

திருப்புறத்தில் இருக்கும் அவருடைய அக்காவிடம் இதைப் போனில் சொன்னேன். எனக்கு மைனி. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

"மருந்தா உப்புத்தண்ணியாண்ணு ஒருத்தருக்கும் தெரியாதா பிள்ளே?"

"தெரியாது மைனி. அதுதான் இதுல விசேஷம்."

"கர்த்தருக்குத் தெரியும்லா?" என்றார் மைனி. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஊசி போடும் நாட்களில் நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். கெட்ட காது மேலே இருக்கும்படி சரிந்து படுக்க வேண்டும். ஊசி இறங்கியதும் அறையே சுற்றுவதாகக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எச்சில் விழுங்காமல், பேசாமல் அரை மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். எப்போதும் வாயாடிக்கொண்டிருக்கிற மனுஷன். ஓரத்தில் உமிழ்நீர் வழிய, குழந்தை மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் துடைத்துவிடுவேன். எனக்கு அழுகை வரும். வெளியே வந்ததும், "நல்ல வேள, உனக்க வாய்க்கு ஊசி இல்ல" என்பார். சிரிப்பும் வரும்.

ஊசிகளுக்கு இடையில் ஒரு நாள் மைனி போன் செய்து எப்படியிருக்கிறது என்று கேட்டார். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது போல இருக்கிறது என்றார் இவர். அவ்வளவுதான் சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். மைனி அதைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது நன்மை நடந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். யார், எதற்காக என்று சபைச் செயலாளர் வாசிப்பார். சிலர் எழுந்து சாட்சியும் சொல்வார்கள். வாழைக்குலையோ சேவலோ கொண்டுவந்தால் ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். இதெல்லாம் நடந்த நன்மைக்கு. ஆனால் விசுவாசம் பெரிதாக உள்ளவர்கள் நடக்கப்போகிற நன்மைக்கும் முன்னாலேயே ஸ்தோத்திரம் செலுத்திவிடுவார்கள். கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொன்னால் கிடைத்தே தீரும் என்பது அவர்கள் எண்ணம். மைனி அந்தக் கூட்டம். தம்பிக்குச் சொந்த ஒர்க்ஷாப் அமைவதற்கு முன்னாலும் அவர் அப்படித்தான் ஸ்தோத்திரம் செலுத்தினார், அமைந்தது. அதை இவர் அடிக்கடி சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வாசித்தார்: "தம்பியின் காது திறக்கப்பட்டதற்காக, சகோதரியின் ஸ்தோத்திரம். ஒரு ஏத்தன் வாழைக்குலை."

மைனி பெண்கள் பக்கத்தில், என் வரிசையிலேயே எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எனக்க தம்பிக்க காது செத்துப்போச்சுண்ணு டாக்டர்மார் சொன்னாங்க. கர்த்தர் திறந்தாரு" என்று சாட்சி சொன்னார்.  சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆண்கள் பக்கம் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாக, அவரும் "ஸ்தோத்திரம்" என்றார். உதடு அசைந்தது தெரிந்தது.

முற்றத்தில் குலை ஏலம் நடக்கும்போது ஆளாளுக்கு அவரிடம் வந்தார்கள். வலது பக்கமாக நின்று, "கேக்குதா?" என்று கேட்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். அவர் லேசாக முகத்தைத் திருப்பி, "உண்டு, உண்டு" என்றார். இடது காது கேட்டுச் சொன்ன பதில். கோபத்தில் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில், "என்னத்துக்கு அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"அவ்வளவு ஜனம் ஜெபிக்குது. இல்லண்ணு எப்படிச் சொல்ல?"

"இல்லாதத இல்லண்ணுதான் சொல்லணும்."

"வரும் பிள்ளே. நீ பேசாத இரி" என்றார்.

இடைப் பரிசோதனை அதற்கடுத்த வாரம். சத்தம் புகாத சின்ன அறை, கண்ணாடி ஜன்னல். உள்ளே இவர் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருந்தார். வெளியே கருவியின் முன்னால் ஒரு இளம்பெண். காதைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அவள்தான். அவள் ஒவ்வொரு சத்தமாக உள்ளே அனுப்புவாள், கேட்டால் இவர் பொத்தானை அமுக்க வேண்டும், அவள் பக்கம் விளக்கு எரியும். வலது காதின் சத்தத்தை இடது காது திருடிக் கேட்டுவிடாமல் இருக்க இடது பக்கம் ஒரு இரைச்சலை ஓடவிடுவார்கள். நான் அவள் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல் அமுக்கியது, விட்டது, அமுக்கியது. விளக்கு எரிய எரிய நான் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டேன். நானும் மனுஷிதானே, எனக்கும் ஆசை இருக்காதா?

ஒரு இடத்தில் அந்தப் பெண் நிறுத்தினாள். அவள் சத்தம் எதுவும் அனுப்பாதபோதும் விளக்கு எரிந்திருக்கிறது. மைக்கில், "சேட்டா, கேட்டால் மாத்திரம் ஞெக்கியா மதி" என்றாள். கேட்டால் மட்டும் அமுக்கினால் போதும் என்று. அவர் தலையாட்டினார். அதன் பிறகு கொஞ்சம் நிதானமாக அமுக்கினார். பிறகுதான் எனக்குப் புரிந்தது: ஓடுகிற என்ஜினில் ஒரு துடிப்பு தவறினால் பிடித்துவிடுகிற ஆள். முதலில் இடது காதைச் சோதித்தபோதே, அவள் எவ்வளவு இடைவெளியில் சத்தம் அனுப்புகிறாள் என்பது அவர் விரலுக்குப் பழகிவிட்டது.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்து, "நல்ல வித்தியாசம் உண்டு" என்றார். அவருக்கும் சந்தோஷம். அடுத்த ஊசிக்கு அவசியமில்லை, மாத்திரையைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்திவிடலாம் என்றார். படியிறங்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படியில், எல்லோரும் பார்க்க. கல்யாணமான புதிதில்கூடப் பிடித்ததில்லை.

வீட்டில் எதுவும் மாறவில்லை. சாப்பிடும்போது நான் அவருக்கு வலது பக்கம் உட்காருவேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்றால் பதில் வராது. ஃபேன் சத்தம் என்பார். வேறு யோசனையில் இருந்தேன் என்பார். நான் இடம் மாறி உட்கார்ந்தால் முறைப்பார். ஒரு நாள் பள்ளிக்கு அரைநாள் விடுமுறை. பனச்சமூட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஒரு டெம்போவின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் வரவைப் பார்க்காமல் இவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குனிந்தார். பிடி இடது காதில் இருந்தது. கழுத்தை அந்தப் பக்கம் வளைக்கப் பழக்கமில்லாமல் கோணலாக நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிடாமலே திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கேட்டால் சொல்லமாட்டார். "கேக்குதா?" என்ற கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. எனக்கு வேறொரு கேள்வி வேண்டியிருந்தது. எது விசுவாசமான பதில், எது அவிசுவாசமான பதில் என்று அவருக்கே தெரியாத கேள்வி. பள்ளி லேபிலிருந்து ஒரு இசைக்கவையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு முன் அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கவையை முழங்காலில் தட்டி, அவர் நெற்றி நடுவில் வைத்தேன்.

"இது என்னத்துக்காக்கும்?"

"எங்கே கேக்குது சொல்லுங்க. வலதா, இடதா, நடுவிலயா?"

என் முகத்தைத் தேடினார். முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை ஹாலில் நின்று நின்று எனக்கு அது பழக்கம். டாக்டர் முதல் நாள் சொன்ன விளக்கம் அவருக்கு மறந்துபோயிருந்தது. எது நல்ல பதில் என்று பிடிபடவில்லை. கடைசியில், உள்ளதைச் சொன்னார்.

"இடது."

மறுபடி தட்டி வைத்தேன். இடது என்றார். முதல் நாள் டாக்டரிடம் சொன்ன அதே பதில். உட்காது திரும்பியிருந்தால் சத்தம் நடுப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், அது துளியும் நகரவில்லை.

"வலது காதுல ஒண்ணும் கேக்கல்ல இல்லியா?" என்றேன். "அப்ப அன்னைக்கு அந்த ரூம்ல எப்படி அமுக்கினிய?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாக, ஒளிக்க எதுவுமில்லாதவர் போலச் சொன்னார்.

"நம்பி அமுக்கினேன்."

"என்னது?"

"கேக்குமிண்ணு நம்பி அமுக்கினேன். அக்கா சபையில சாட்சி சொல்லியாச்சு. குலையும் வச்சாச்சு. பின்னே நான் அந்த ரூம்ல போயி இருந்து அமுக்காத இருந்தா, அது அவிசுவாசம்லா? ஒவ்வொரு தடவையும் ஜெபிச்சுட்டாக்கும் அமுக்கினேன். அமுக்கி முடிச்ச பொறவு கேக்குமிண்ணு நெனச்சேன்."

"அது டெஸ்ட்டு. ஜெபமில்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் பிள்ளே இருந்துது."

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம். மருந்து ஊசி கிடைத்திருக்கும், அந்த ஊசியை இவரே தன் விரலால் வேண்டாமென்று தள்ளிவிட்டார் என்பதுதான் நெஞ்சில் கிடந்து எரிந்தது. கத்தி ஓய்ந்த பிறகு பார்த்தால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். "அக்காகிட்ட சொல்லாத" என்றார். ஏமாற்றியவனின் முகம் இல்லை அது. ஏமாந்துபோனவனின் முகம். எனக்கு அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நின்றோம். டாக்டர் முழுவதையும் கேட்டார். அந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணை அழைத்தார். அவள் முகம் செத்துப்போயிற்று. பொத்தான் இல்லாத வேறொரு பரிசோதனை செய்தார்கள். நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் இவர். ஒன்றும் செய்ய வேண்டாம், முடிந்தால் தூங்குங்கள் என்றாள். சத்தம் போகிறதா இல்லையா என்று கருவி அவரைக் கேட்காது, நரம்பையே கேட்டுவிடும். இடது காதுக்குத் திரையில் கோடு எழுந்து எழுந்து விழுந்தது. வலது காதுக்குக் கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

காலம் கடந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் முயற்சி செய்வோம் என்று மருந்து ஊசியை ஆரம்பித்தார் டாக்டர். ஆராய்ச்சியிலிருந்து விலக்குவதாகச் சொன்னார். இவருக்கு அது தண்டனை போலப் பட்டிருக்க வேண்டும். "என்னைத் திட்டுங்க சாரே" என்றார். டாக்டர் திட்டவில்லை. தன்மையாக ஒன்றைச் சொன்னார்: நீங்கள் வந்து சொல்லாமல் இருந்திருந்தால், உங்களுக்குப் போட்டது எதுவோ அது பலித்ததாக எழுதியிருப்போம். பிறகு வருகிற ஒருவருக்கு அதை நம்பி வைத்தியம் செய்திருப்போம்.

 திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரை தாண்டும்போது இவர், "நான் பொய் சொல்லல்ல பிள்ளே" என்றார். "ஆனா எனக்க காதால வேற ஒருத்தனுக்க காதும் போயிருக்கும், இல்லியா?" என்றார்.  அவர் தொடையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சொல்லாதே என்றவர் கடைசியில் தானே அக்காவிடம் போகலாம் என்றார். திருப்புறத்தில் மைனி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மைனியின் கை மீன் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நான் சாட்சி சொன்னதினாலயா மக்கா?"

"இல்ல அக்கா. நான்தான்..."

"ஆமா மைனி" என்றேன் நான். இவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் மறுபடியும் ஒரு பூசி மெழுகலை என்னால் தாங்க முடிந்திருக்காது. மைனி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "எனக்க கையால வளத்த பிள்ள" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டியில் மீன் அப்படியே கிடந்தது, பூனை வந்தது. நான்தான் எடுத்து மூடி வைத்துவிட்டு வந்தேன். சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்க எங்கள் சபையில் வழியில்லை. மைனி இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

ஊசிகள் முடிந்தன. வலது காதில் எதுவும் திரும்பவில்லை. கெட்ட காதுப் பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்குக் கடத்தும் கருவி ஒன்று இருக்கிறது, அது இவருக்குப் பயன்படுமா என்று தீர்மானிக்க வேண்டும், அதற்கு நல்ல காதின் கேட்கும் அளவைச் சரியாக எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மறுபடியும் அதே சின்ன அறை. உள்ளே போகவே தயங்கினார். அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நானும் உள்ளே உட்கார்ந்தேன். கதவு மூடியதும் எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது.

இடது காதில்தான் ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை கருவியில் அசைவது தெரிந்தது. இவர் விரல் அசையவில்லை. அவள் காத்திருந்தாள், மறுபடி அனுப்பினாள். விரல் பொத்தானின் மேல் வந்தது, அமுக்காமல் விலகியது. அவள் மைக்கில், "சேட்டா, இது நல்ல செவியல்லே? கேட்கணில்லே?" என்றாள். இது நல்ல காதுதானே, கேட்கவில்லையா என்று.

"கேட்டது போல இருந்துது" என்றார். "ஆனா உள்ளதா, எனக்க தோணலாண்ணு தெரியல்ல."

அவள் சத்தத்தைக் கூட்டியிருக்க வேண்டும். அவர் இமை துடித்தது. எந்தக் குறையும் இல்லாத காது. ஒர்க்ஷாப்பில் இப்போது அதை நம்பித்தான் குனிகிறார் என்று நினைத்திருந்தேன். சமீபமாக எல்லா வண்டிக்கும் கம்ப்யூட்டரையே மாட்டுகிறார் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னதற்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. நெற்றியில் வேர்வை. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் கேட்டுதா பிள்ளே?"

"அது உங்க காதுலல்லா இருக்கு? எனக்கு எப்படிக் கேக்கும்?"

கொஞ்சம் யோசித்தார்.

"எனக்க மொகத்தப் பாத்தா உனக்குத் தெரியும்லா. கேட்டுதா இல்லியாண்ணு. நீ பிடி."

பொத்தானை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டு, ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு, நான் பார்ப்பதற்கு வாகாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார்.